படத்துக்கு எது, தளத்துக்கு எது? – கேள்வி பதில்

சிறு கடைகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன் சார். படத்துக்கு கேன்வாவா, போட்டோபியாவா?

விலையும் சலுகையும் எழுதிய விளம்பரப் படம் என்றால் கேன்வா, பத்து நிமிட வேலை. புடவையின் நிறத்தைச் சரிசெய்யவும் பின்னால் தெரியும் கதவை நீக்கவும் போட்டோபியா. அது இலவசம், ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பையும் திறக்கும். எல்லாம் உங்கள் பிரவுசரிலேயே நடப்பதால் படம் வேறு எங்கும் ஏறுவதில்லை. ஆனால் நிறத்தைக் கூட்டாதீர்கள். அரக்கு சிவப்பாகத் தெரிந்தால் பார்சல் திரும்பி வரும்.

படத்தில் தமிழ் எழுதினால் எழுத்து உடைகிறதே?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரான் எல்லாம் இலவசம். கொம்பு இடம் மாறி நின்றால் கோளாறு மென்பொருளில். வேறொன்றில் எழுதிப் பாருங்கள்.

தளத்துக்கு விக்ஸா, வேர்ட்பிரஸா?

முதலில் எத்தனை பொருள் என்று சொல்லுங்கள். இருபது புடவை, ஆர்டர் வாட்ஸ்அப்பில் என்றால் இரண்டும் வேண்டாம், கூகுளின் இலவசத் தளக் கருவியான கூகுள் சைட்ஸ் போதும். இப்படிச் சொன்னால் என் தொழிலுக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

அதற்கு மேல் என்றால், விக்ஸில் இழுத்து வைத்தால் பக்கம் தயார். இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் தெரியும், முகவரியிலும் அவர்கள் பெயர் ஒட்டிக்கொள்ளும். எனக்கு உறுத்துவது வேறு: நாளைக்குக் கிளம்ப நினைத்தால் தளத்தை அப்படியே பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியாது. வாடகை வீட்டில் மாடி கட்டிய கதை.

2003-இல் வந்த வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். எழுதியதையும் படங்களையும் எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் வேறு வாடகை இடத்துக்குப் போகலாம். ஆனால் ஹோஸ்டிங் செலவு, பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளை அவர்களே ஓட்டித் தரும் சேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்கள் உண்டு.

மாதம் ஒருமுறை உட்கார்ந்து பராமரிக்க ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ், இல்லையென்றால் விக்ஸ்.

எல்லாமே இலவசமாக ஓட்ட முடியாதா அண்ணா?

முடியும், இலவசமாகத் தருபவர்கள் கடையை மூடும்வரை. கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு தந்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். படம் திருத்த எல்லோரும் பயன்படுத்திய பிக்னிக் 2012-இல் போனது. எதற்குச் செலவு செய்யாவிட்டாலும் டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்குச் செய்யுங்கள், அதுவும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில். என்னிடம் வந்த ஒருவருக்கு டொமைன் பழைய டிசைனரின் பெயரில் இருந்தது. அவர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் புதுப் பெயர் வாங்கி, விசிட்டிங் கார்டை மறுபடி அச்சடித்தோம்.

தளம் திறக்கவே நேரமாகிறது.

செல்போன் படத்தை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். படத்தைச் சுருக்கித் தரும் ஸ்கூஷ் தளத்தில் போட்டு அகலம் 1600 பிக்சல், வெப்பி (WebP) வடிவம் என்று சேமித்து ஏற்றுங்கள். மூலப் படம் கணினியில் இருக்கட்டும்.