நியமனக் கடிதம் இல்லாத நிருபருக்குச் சம்பள உரிமை உண்டா?

கேள்வி: சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து இரண்டு ஆண்டுகளாக ஓர் இணையச் செய்தித் தளத்திற்கு எழுதி வருகிறேன். நியமனக் கடிதம் இல்லை. செய்திக்கு 20 ரிங்கிட், காணொளிக்கு 40 ரிங்கிட் என்று பேச்சு. ஐந்து மாதப் பாக்கி 3,600 ரிங்கிட். "இப்போது எல்லாரும் குறுங்காணொளிதான் பார்க்கிறார்கள், பார்வை கூடினால்தான் பணம்" என்கிறார் ஆசிரியர். வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தைச் செய்தி போல என் பெயரில் போடச் சொன்னார், மறுத்தேன். அன்றிலிருந்து வேலை தருவதில்லை. நான் எடுத்துத் தந்த படங்களையாவது தளத்திலிருந்து நீக்கச் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள வாசகரே, நீங்கள் இணைத்திருந்த புலன (வாட்ஸ்அப்) செய்திகளை முழுமையாகப் படித்தேன். "ஏழரைக்குள் லயன் வீட்டுக்குப் போய் மூன்று பேரைப் பேட்டி எடுத்து, பத்து மணிக்குள் அனுப்புங்கள்" என்று ஆசிரியர் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி, நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய சாட்சி.

கடிதம் இல்லாததால் கையறு நிலையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள 101சி பிரிவு, எழுத்து ஒப்பந்தம் இல்லாதவர்களுக்காகவே சேர்க்கப்பட்டது. வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் கட்டுப்படுத்துவது யார், கருவிகளைத் தருவது யார், அந்த வேலை நிறுவனத்தின் தொழிலில் பிரிக்க முடியாத பகுதியா, சீரான இடைவெளியில் வரும் அந்தப் பணம்தான் உங்கள் வருமானத்தின் பெரும்பகுதியா என்பவற்றைக் கொண்டு, உங்களைத் தொழிலாளி என்று சட்டம் அனுமானிக்க முடியும். இது அனுமானமே; எதிர்த்தரப்பு அதை மறுத்து நிரூபிக்கலாம். உங்கள் சொந்தக் கைப்பேசி, சொந்த மோட்டார் சைக்கிள் என்ற வாதத்தை அவர்கள் நிச்சயம் எடுப்பார்கள். ஆயினும் செய்தித் தளத்திற்குச் செய்தியே தொழில் என்பதால், உங்கள் நிலை வலுவானது என்பது என் கருத்து.

ஆகவே முதலில் வட்டாரத் தொழிலாளர் அலுவலகத்தில், 69ஆம் பிரிவின்கீழ் சம்பளப் பாக்கிக்குப் புகார் செய்யுங்கள். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு. நீங்கள் தொழிலாளி அல்லர் என்று அங்கு முடிவானாலும் கதவு மூடிவிடாது: 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில், வழக்கறிஞர் இல்லாமலேயே நீங்கள் வழக்குத் தொடுக்கலாம், ஒப்பந்தக் கோரிக்கைக்கான கால வரம்பு ஆறு ஆண்டுகள்.

வாசகர்கள் எழுத்திலிருந்து காணொளிக்கு மாறியிருப்பது உண்மைதான். அந்த மாற்றத்தின் நட்டத்தை, ஏற்கெனவே செய்து முடித்த வேலையின் கூலியிலிருந்து கழிக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. இருவரும் ஒப்புக்கொண்ட விலையை ஒருவர் மட்டும் பின்னோக்கி மாற்ற முடியாது. புதிய விலை பேசுவதானால் இனிவரும் வேலைக்குப் பேசட்டும்.

விளம்பரத்தை மறுத்தீர்களே, அதில் உறுதியாக நில்லுங்கள். 2024 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட மலேசியப் பத்திரிகையாளர் நெறிமுறை, வெளிப்படைத்தன்மையையும் சொந்த நலனுக்கு இடங்கொடாமையையும் வலியுறுத்துகிறது. அதோடு, உங்கள் பெயரில் வரும் செய்தியில் தவறு இருந்தால் அவதூறு வழக்கில் உங்கள் பெயரும் சேரும். வீடு கேட்டுப் போராடும் தோட்ட மக்கள், உங்கள் பெயரைப் பார்த்து நம்பி அந்த நிறுவனத்திடம் முன்பணம் கட்டியிருந்தால், அவர்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.

படங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகவோ பிறர் கேட்டுக்கொண்டபடியோ எடுத்த படத்தின் உரிமை, வேலை தந்தவரையே சேரும். எனவே அவற்றை நீக்கச் சொல்லிப் போராடுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

தேதி, தலைப்பு, தொகை எனப் பட்டியலிட்டு, 14 நாள் கெடுவுடன் பதிவு அஞ்சலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். புகார் முடியும்வரை முகநூலில் ஆசிரியரைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். புலன உரையாடலை இன்றே வேறொரு கருவியிலும் சேமித்து வையுங்கள். கைப்பேசி பழுதானால் அந்த ஏழரை மணிச் செய்தியும் போய்விடும்.