அந்த ஒன்பது மணி அழைப்பு

கேள்வி: எனக்கு வயது 26. கோவை சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக 31,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கு 8,000 அனுப்புகிறேன். அறை வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் போக மாதக் கடைசியில் நாலாயிரம், ஐயாயிரம் மிஞ்சும். 2022-ல் 17,000 ரூபாய்க்கு வாங்கிய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறேன். இப்போது பேட்டரி நிற்பதில்லை. ஐபோன் 17 வாங்க ஆசை. விலை 82,900. கடையில் வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். 24 மாதம், மாதம் 3,450 ரூபாய் சொச்சம். என் குழுவில் எட்டுப் பேரில் ஆறு பேரிடம் ஐபோன். மதியச் சாப்பாட்டு மேசையில் என் போனைக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். ஆடம்பரத்துக்காக மட்டும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு அறைக்கு வந்து படுத்தபடி வீடியோ பார்ப்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே ஓய்வு. அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார், இரவு ஷிப்ட். ஒன்பது மணிக்குச் சாப்பிட வெளியே வரும்போது தன் பட்டன் போனிலிருந்து கூப்பிடுவார். அந்த நேரம் பெரும்பாலும் என் போன் அணைந்து கிடக்கும். மறுநாள் அம்மா கூப்பிட்டுத் திட்டுகிறார். நல்ல போன் இருந்தால் இந்தப் பிரச்சினையும் தீரும், அப்பாவோடு வீடியோவில் முகம் பார்த்தும் பேசலாம். இவ்வளவு விலை கொடுப்பது தகுமா? கேமரா, பேட்டரி எல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், கோவை.

பதில்: தம்பி, போன் நல்ல போன்தான். படம் தெளிவாக விழும், பேட்டரி நிற்கும், ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஐந்தாறு வருடம் உழைக்கும். அதில் எனக்கு உங்களோடு வழக்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைக்கும் கூச்சத்துக்கு நான் ஆறுதல் சொல்லப்போவதும் இல்லை. பைக், வாட்ச், போன் என்று பொருள் மட்டும் மாறி இதே கூச்சத்தோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. வயது ஏற ஏற அது தானாக உதிர்ந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு வரி. ஒன்பது மணிக்கு அப்பா கூப்பிடும்போது உங்கள் போன் அணைந்து கிடக்கும் என்கிறீர்களே, அந்த வரி. புதுப் போன் வாங்குவதற்கான காரணங்களில் ஒன்றாக அதைப் போகிறபோக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்தே கேட்கிறேன். ஏழு மணிக்கு அறைக்கு வந்துவிடுகிறீர்கள். ஒன்பது மணிக்குப் போன் அணைந்துவிடுகிறது. இடையில் இரண்டு முழு மணி நேரம். அறையில் மின்சாரம் இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது, சுவரில் பிளக் இருக்கிறது. அப்பா ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் நேரம் மாற்றுவதில்லை, மாற்ற அவரால் முடியவும் முடியாது. அப்படியிருந்தும் அந்தப் போன் அதே நேரத்துக்கு அணைந்துபோகிறது என்றால், அணையவிடுவது யார்? பேட்டரியின் மேல் பழியைப் போடாதீர்கள். போனின் அமைப்புகளில் பேட்டரி என்ற பக்கத்தைத் திறந்தால் எந்தச் செயலி எத்தனை சதவீதத்தைத் தின்றது என்று வரிசையாகக் காட்டும். ஒருநாள் இரவு அதைப் பாருங்கள். அப்பாவுக்கு வைத்திருக்க வேண்டிய ஐந்து சதவீதம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

பள்ளிபாளையம் தறிப்பட்டறைகள் எனக்கு அந்நியமானவை அல்ல. வாசலில் நின்றாலே பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. உள்ளே ஆட்கள் கையாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு படிந்திருக்கும். அந்தச் சத்தத்துக்குள் போன் அடித்தாலும் கேட்காது, எடுத்தாலும் பேச முடியாது. அதனால்தான் உங்கள் அப்பா சாப்பிட வெளியே வரும் நேரத்தில் கூப்பிடுகிறார். தூக்குப்பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்பு பட்டன் போனை எடுத்து, அதன் மேலிருக்கும் பஞ்சைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு, உங்கள் எண்ணை அழுத்துகிறார். 'நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் ஸ்விட்ச் ஆஃப் செய்துள்ளார்' என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. வருடக்கணக்கில் தறிச்சத்தத்தில் நின்ற காது. அது சரியாகக் கேட்காமல் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பார் என்றே நினைக்கிறேன். பிறகு சாப்பிடுவார். இடைவேளை முடிந்து உள்ளே போனால் விடிகிறவரை வெளியே வரமாட்டார்.

அவர் உங்களைத் திட்டுவதில்லை. மறுநாள் அம்மாதான் திட்டுகிறார். அப்படியென்றால் காலையில் வீட்டுக்குப் போனதும் அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: பையன் எடுக்கவில்லை என்று. அந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு விடிகிறவரை தறி ஓட்டியிருக்கிறார். இதை நீங்கள் யோசித்தீர்களா?

அடுத்ததாக, புதுப் போன் வந்தால் அப்பாவோடு வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம் என்கிறீர்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன் என்று நீங்களே இரண்டு வரிக்கு முன்னால் எழுதியிருக்கிறீர்கள். 82,900 ரூபாய்ப் போன் உங்கள் கையில் இருந்தாலும் அவருடைய போனில் உங்கள் முகம் தெரியாது. இது கூடவா தோன்றவில்லை? கோபத்தோடுதான் கேட்கிறேன். வாங்குவதற்குக் காரணம் தேடும்போது அப்பாவை இழுத்துக்கொண்டீர்கள். அவர் கையில் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள். உங்கள் ஆசையை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 26 வயதில் ஒரு நல்ல பொருளுக்கு ஆசைப்படுவது குற்றம் இல்லை. அதற்கு அப்பாவைச் சாட்சிக்கு அழைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பட்டறையில் அப்பா பெயரில் முன்பணம் எவ்வளவு நிற்கிறது?

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டும் வீடுகளில் இந்தச் சொல் தெரியாத குழந்தை இருக்காது. கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி, பிள்ளை படிப்பு என்று வரும்போது பட்டறைக்காரரிடம் ஒரு தொகை வாங்குவார்கள். கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். அது தீருவதற்குள் அடுத்த செலவு வந்து, மேலே இன்னொரு தொகை ஏறும். கணக்கு முடியாதவரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதிய பட்டறைக்காரர் பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார், கடனும் கூடவே போகும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் முன்பணத்துக்காக ஒரே பட்டறையில் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன.

நீங்கள் படித்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடைத்திருந்தாலும் அது கல்விக் கட்டணத்துக்குத்தான். விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் இருக்கின்றனவே, தறிக்கூலியில் எங்கிருந்து வந்தன? உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தத் தலைமுறை அப்பாக்கள் பிள்ளையிடம் கடன் கணக்குச் சொல்வதில்லை. என் அனுமானம் தவறாக இருந்தால் சந்தோஷம். சரியாக இருந்தால், உங்கள் அப்பா இந்த வயதில் இரவு ஷிப்டுக்குப் போவதன் காரணம் அந்தப் பாக்கிதான். பாக்கி இல்லாதவர் 'ராத்திரி வேலை வேண்டாம், பகலில் வருகிறேன்' என்று சொல்லிப் பார்க்கலாம். கடனில் இருப்பவர் அதைக்கூடக் கேட்கத் தயங்குவார்.

என் எண்ணத்தை ஒளிக்கவில்லை. மாதம் எட்டாயிரம் அனுப்பிவிட்டால் பிள்ளையின் கடமை முடிந்தது என்று நினைப்பவள் அல்ல நான். வீட்டில் என்ன கடன் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், கூப்பிடும்போது குரல் கொடுப்பதும் பணத்துக்கு முன்னால் வரவேண்டியவை. இந்தக் காலத்துக்கு இது பொருந்தாது என்று எனக்கு எழுதுபவர்கள் உண்டு. பொருந்தட்டும், பொருந்தாமல் போகட்டும். தந்தை கடனில் இருப்பது தெரியாமலே பிள்ளை தவணையில் கையெழுத்துப் போடுவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது.

தவணையையும் பார்த்துவிடுவோம், கேட்டிருக்கிறீர்கள். வட்டியில்லாத் தவணை என்பது கடைப் பேச்சு. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. ரொக்கமாக வாங்கினால் தள்ளுபடியாகக் கிடைத்திருக்கக்கூடிய தொகை அங்கே வட்டியாகப் போகிறது, அல்லது செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வருகிறது. கிரெடிட் கார்டு தவணை என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பரில் 79,900-க்கு வந்த ஐபோன் 15 அடுத்த செப்டம்பரில் 69,900 ஆனது. 2024-ல் அதே 79,900-க்கு வந்த 16, 2025 செப்டம்பரில் 69,900 ஆனது. 17-ம் இந்த வழியில் போனால், உங்கள் தவணை பாதி தீருவதற்குள் கடையில் பத்தாயிரம் குறைந்திருக்கும். நீங்கள் மட்டும் பழைய விலையைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மிச்சமாகும் நாலாயிரம் சொச்சத்தில் 3,450 போய்விட்டால், இரண்டு வருடத்துக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல்கூட வரக் கூடாது.

ஆகவே இப்போது வாங்காதீர்கள். போன் தகுதியில்லை என்பதால் சொல்லவில்லை. கேட்க வேண்டிய ஒரு கணக்கை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பேட்டரி மூன்றரை வருடம் உழைத்துவிட்டது, தினமும் சார்ஜ் ஏறி இறங்கினால் எந்த லித்தியம் பேட்டரியும் இந்த நிலைக்குத்தான் வரும். சனிக்கிழமை அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குப் போய் மாற்றுங்கள். இந்த விலைப் போன்களுக்குப் பெரும்பாலும் மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். தெருமுனைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பேட்டரியைப் போடாதீர்கள், உப்பிவிடும்.

பிறகு அந்த 3,450-ஐ மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். முன்பணம் இருக்கிறது என்று தெரிந்தால், ஒரு தொகை சேர்ந்ததும் அதோடு நீங்களே அப்பாவுடன் பட்டறைக்குப் போங்கள். கணக்குப் புத்தகத்தில் வரவு எழுதியதைக் கண்ணால் பார்த்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்பாவிடம் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டால் அவர் கேட்கக் கூச்சப்படுவார். படித்த பிள்ளை பக்கத்தில் நின்றால் கணக்கு ஒழுங்காக வரும். முன்பணமே இல்லை என்றால் அந்தப் பணம் உங்களுடையது. இரண்டு வருடத்தில் 82,800 சேர்ந்திருக்கும். அப்போதும் ஆசை இருந்தால் ரொக்கமாகக் கொடுத்து, அன்றைக்கு இருக்கும் நல்ல போனை வாங்குங்கள். மேசையில் நிமிர்த்தி வையுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

இவையெல்லாம் சனிக்கிழமைக்குப் பிறகு. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் அன்றே செய்ய வேண்டியது வேறு. ஏழு மணிக்கு அறைக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போட்டு, திரையைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்கு முதல் மணியிலேயே எடுங்கள். நீங்கள் எடுத்த அதிர்ச்சியில் அவர் கொஞ்சம் தடுமாறுவார், சாப்பிட்டாயா என்பார், வைத்துவிடவா என்றும் கேட்பார். வைக்க விடாதீர்கள். பட்டறையில் நம் கணக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்பார். இன்னொரு முறை கேளுங்கள்.