21ஆம் நாள் பரிசோதனை எல்லோருக்கும் பொருந்துமா?

கேள்வி: எனக்கு வயது 26. ஊர் பாம்பன். கல்யாணமாகி ஒன்றரை வருடமாகியும் உண்டாகவில்லை. மாதவிலக்கு 34, 35 நாளைக்கு ஒருமுறைதான் வரும். 21ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்ட்ரோன் 0.7 என்று வந்தது. முட்டையே வெடிக்கவில்லை என்கிறார்கள். வீட்டுக்காரர் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போகிறவர். என்ன செய்வது?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ரத்தம் எடுத்த நாள் உங்களுக்கானது அல்ல.

21ஆம் நாள் என்பது 28 நாளைக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவர்களுக்குப் போட்ட கணக்கு. முட்டை வெடித்து ஏறக்குறைய 14 நாளில் அடுத்த மாதவிலக்கு வரும். இந்தப் பின்பாதி அதிகம் மாறாது. கூடுவதும் குறைவதும் முன்பாதிதான். ஆக, உங்களுக்கு முட்டை வெடிப்பதே 20, 21ஆம் நாள் வாக்கில். முட்டை வெளியேறிய பிறகு மிஞ்சும் பைதான் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கும். அது உச்சத்துக்கு வர ஒரு வாரம் பிடிக்கும். அன்றைக்கே ரத்தம் எடுத்தால் எப்படித் தெரியும்? 27 அல்லது 28ஆம் நாளில் மறுபடி பாருங்கள். 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது.

முன்பாதி ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், ஒன்று ஒன்றரை மணிக்கு ஒருமுறை என விட்டுவிட்டு ஒரு ஹார்மோனை மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்புகிறது. (விடாமல் அனுப்பினால் பிட்யூட்டரி ஓய்ந்துவிடும். சோதனைக்குழாய் குழந்தை சிகிச்சையில் இதையே வேண்டுமென்று செய்வதும் உண்டு.) பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் முட்டை இருக்கும் சிறு பையை வளர்க்கிறது, வளரும் பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் முதலில் பிட்யூட்டரியை அடக்கியே வைத்திருக்கும். அளவு நன்றாக ஏறி இரண்டு நாள் போல நிலைத்துவிட்டாலோ, அடக்கியதே முடுக்கிவிடத் தொடங்கும். பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.எச். சட்டென்று எகிறும்; அடுத்த ஒன்றரை நாளில் முட்டை வெடிக்கும். பை அந்த அளவுக்கு முற்றுவதற்குச் சிலருக்கு இரண்டு வாரம், உங்களுக்கு மூன்று வாரம், அவ்வளவுதான். 24 முதல் 38 நாளுக்குள் வருவது இயல்பானதே.

முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். 15இலிருந்து 21ஆம் நாளுக்குள் வீட்டுக்காரர் கரையில் இருக்கும்போது சேர்ந்திருங்கள். இதுவரை காலண்டரில் 14ஆம் நாளை மட்டும் குறித்துவைத்திருந்தால், உங்களுக்கு அது முந்திவிட்டது.

தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாம்.

கடிதத்தில் வீட்டுக்காரருக்கு எடுத்த பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு வருடம் தாண்டினால் இருவரையும் பார்க்க வேண்டும். விந்துப் பரிசோதனை உங்களுடையதைவிடச் சுலபம், ஊசிகூடக் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடலிலிருந்து வந்து ஒரு காலைப் பொழுது ஒதுக்கினால் போதும். அதற்கு முந்தைய 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்திருக்க வேண்டும்.