மறக்க முடியாத அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பாடல்கள் எவை? ஜப்பானிய மொழி தெரியாத ரசிகர்கள்கூட அவற்றை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

நல்ல மெட்டுள்ள அனிமே பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மெட்டை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் ஆளுக்கொரு பட்டியல் வரும், கடைசியில் சண்டைதான் மிஞ்சும். அதனால் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுக்கிறேன்: அந்தப் பாட்டு கதைக்குள் ஏதாவது வேலை பார்க்கிறதா? பார்த்தால், 'ஸ்கிப்' பொத்தானை அழுத்த மனம் வராது. மொழி தெரியாதவர்களுக்கும் பிடித்துப்போவதன் காரணம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். (கீழே கதைகள் கொஞ்சம் உடைபடும். 'மடோகா மாஜிகா' பார்க்காதவர்கள் அந்தப் பத்தியை மட்டும் தாண்டிவிடுங்கள்.)

முதலில் அந்த ஒன்றரை நிமிடம். ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடரின் முகப்புப் பாட்டான ஓப்பனிங்குக்குக் கிடைப்பது சுமார் 90 வினாடி. நான்கு நிமிடப் பாட்டை வெட்டி அதற்குள் அடக்குவார்கள். அந்த வடிவத்துக்கு 'டிவி சைஸ்' என்றே பெயர். நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடும், சரணம் முடிந்ததும் அதற்கே திரும்புவோம். ஜப்பானியப் பாப் பாட்டு பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். அடங்கிய குரலில் 'ஏ மெலோ', பதற்றத்தைக் கூட்டும் 'பி மெலோ', அதற்கப்புறம்தான் 'சாபி' என்று அவர்கள் சொல்லும் உச்சம். அந்த ஏற்றம் முழுவதும் டிவி சைஸில் ஒன்றரை நிமிடத்துக்குள் நடந்து முடியும். சாபியின் முதல் அடி விழும் இடத்தில் நாயகன் பாய்வது, வாள் உருவுவது, எதிரியின் முகம் தெரிவது எல்லாம் பொருந்தும்படி கணக்குப் பண்ணி வரைகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதமோ ஆறு மாதமோ இதைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் விளம்பரப் பாட்டும்தான் அப்படி ஒட்டிக்கொள்கிறது. அதை யாரும் அரங்கம் நிறைந்து கூட்டமாகப் பாடுவதில்லை.

1995-இல் வந்த 'நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓப்பனிங்கைப் பாடியவர் யோகோ டகஹாஷி. வெளிநாட்டு ரசிகர்கள் 'குரூயல் ஏஞ்சல்ஸ் தீசிஸ்' என்பார்கள். இயக்குநர் ஹிடேயாகி அன்னோ முதலில் வைக்க நினைத்தது போரோடின் எழுதிய 'பிரின்ஸ் இகோர்' ஓபராவின் நடன இசையை. தொலைக்காட்சித் தரப்பு அதை ஏற்கவில்லை. பிறகு பாட்டெழுத வந்த நெகோ ஓய்கவா, தொடரின் முதல் இரண்டு அத்தியாயங்களை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படி எழுதிய வரிகள் எங்கே போய் உட்கார்ந்தன என்பதுதான் வேடிக்கை. பாட்டு ஒரு தாயின் இடத்திலிருந்து பேசுகிறது; நீ புராண நாயகனாக வேண்டும் என்று ஒரு சிறுவனிடம் சொல்கிறது. தொடரின் நாயகன் ஷின்ஜிக்கு 14 வயது, அந்தப் பெரிய எந்திரத்தில் ஏறவே பிடிக்காதவன், எப்போது ஓடிவிடலாம் என்று பார்ப்பவன். பாட்டு அவனை முன்னால் தள்ளுகிறது, கதையில் அவன் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு வாரமும் இந்த இழுபறியோடுதான் தொடர் தொடங்கும். 26 அத்தியாயமும் பார்த்து முடித்தவர்களுக்கு அந்தத் தாயின் குரல் இன்னொரு விதமாகவும் கேட்கும். ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை.

மெட்டிலும் ஒரு தந்திரம் உண்டு. சாபியின் மெட்டைத் தொடக்கத்திலேயே மெதுவாக ஒருமுறை பாடிக் காட்டிவிட்டு, தாளத்தை அவிழ்த்துவிடுகிறார்கள். கூடவே கண் சிமிட்டுவதற்குள் மாறும் படங்கள், மின்னி மறையும் எழுத்துகள். ஜப்பானியக் கராவோகேக்களில் இது இன்றும் ஓயாமல் ஒலிக்கும் பாட்டு. அதே தொடரின் எண்டிங்கில் 'ஃப்ளை மீ டு த மூன்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டைப் பல குரல்களில் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் தொடர் வந்தபோது பல நாடுகளில் அது இல்லை, வேறு இசை வைக்கப்பட்டிருந்தது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அத்தியாயம் முடிந்த பிறகு வருவதுதானே, அதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்டவர்களும் உண்டு. நெஞ்சை நசுக்கும் ஓர் அத்தியாயத்துக்குப் பிறகு அந்த நிதானமான குரல் தரும் விசித்திர அமைதி, பார்த்தவர்களுக்குக் கதையின் பகுதியாகவே ஆகிவிட்டிருந்தது.

அடுத்து 2011-இல் வந்த 'மடோகா மாஜிகா'. ஓப்பனிங் 'கனெக்ட்', பாடியது கிளாரிஸ். பள்ளி மாணவிகளாக, முகத்தைக் காட்டாமலேயே அறிமுகமான இருவர் குழு. பாட்டும் படமும் இனிப்பு சொட்டும். இளஞ்சிவப்பு முடிச் சிறுமி மடோகா மாயச் சிறுமியாக உருமாறுவதை அதில் பார்ப்போம். ஆனால் கதையில் அவள் உருமாறுவது தள்ளிக்கொண்டே போகிறது. மூன்றாவது அத்தியாயத்தில் விழும் ஒரு சாவுக்குப் பிறகு, இவள் உருமாறவே வேண்டாம் என்று நமக்கே தோன்ற ஆரம்பிக்கும். ஓப்பனிங் காட்டிய அந்த உருமாற்றம் 12-ஆவது, அதாவது கடைசி அத்தியாயத்தில்தான் நடக்கிறது. அதுவரை அந்தப் பாட்டு நம்மை ஏமாற்றுகிறது என்றே நினைத்திருப்போம். பத்தாவது அத்தியாயத்தில், தோழியைக் காப்பாற்றக் காலத்தில் திரும்பத் திரும்பப் பின்னால் போகும் ஹோமுராவின் கதை வெளிப்படும். அன்றைக்கு 'கனெக்ட்' தொடக்கத்தில் வராது, கடைசியில் வரும். மறக்காத ஒரு வாக்குறுதியைப் பற்றிய அந்த வரிகள் மடோகாவுடையவை அல்ல, ஹோமுராவுடையவை என்று அப்போதுதான் உறைக்கும். ஒன்பது வாரமாகக் கேட்ட பாட்டு, ஒரு சொல்கூட மாறாமல், வேறு ஆளின் பாட்டாகிவிடுகிறது. ஓப்பனிங்கை வைத்து இதைவிடப் பெரிய விளையாட்டை நான் பார்த்ததில்லை.

பெரிய விளையாட்டு மடோகாவுடையது என்றாலும், துணிச்சலான விளையாட்டு 'ஜோஜோஸ் பிசார் அட்வென்ச்சர்' தொடருடையது. மூன்றாம் பாகத்தின் வில்லன் டியோ நேரத்தை நிறுத்தக்கூடியவன். 2015-இல் அந்தப் பாகம் முடியும் தறுவாயில், ஓப்பனிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் அவன் நேரத்தை நிறுத்திவிடுகிறான், பாட்டும் நின்றுவிடுகிறது! நான்காம் பாகத்தின் வில்லனால் காலத்தைப் பின்னுக்குத் திருப்ப முடியும். அங்கே 'கிரேட் டேஸ்' என்ற ஓப்பனிங்கே பின்னோக்கி ஓடியது. ஐந்தாம் பாகத்திலும் வில்லன் இப்படிப் பாட்டுக்குள் நுழைந்தான். ஸ்கிப் அடித்தவர்கள் சண்டைக் காட்சியின் ஒரு துண்டையே தவறவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் திடீரென்று முளைத்ததில்லை. 1972-இல் 'மாசிங்கர் இஸட்' பாட்டை இச்சிரோ மிசுகி பாடியபோது, நாயக ரோபோவின் பெயரை நெஞ்சு வெடிக்கக் கத்துவதுதான் அனிமே பாட்டின் இலக்கணம். மனிதர் 2022 டிசம்பரில் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை மேடையேறிப் பாடினார். 1987-இல் 'சிட்டி ஹன்டர்' தொடருக்கு டிஎம் நெட்வொர்க் குழு தந்த 'கெட் வைல்ட்' வேறு பாதை. தொடரின் பெயரே அதில் வராது, தனியாக ஒரு பாப் பாட்டாகவும் நிற்கும். ஆனால் அத்தியாயத்தின் கடைசிக் காட்சி முடியும் முன்பே அதன் தொடக்க இசை மெல்ல உள்ளே வந்துவிடும். படம் உறைந்து நிற்க, எண்டிங் விரியும். பின்னால் வந்த எத்தனையோ தொடர்கள் இந்த உத்தியைக் கையாண்டிருக்கின்றன. எண்டிங்கைக்கூடக் கதையோடு தைக்கலாம் என்று காட்டியது இதுதான்.

'டிஜிமான் அட்வென்ச்சர்' தொடரின் 'பட்டர்-ஃப்ளை' பாட்டை விட்டுவிட்டு இந்தப் பதிலை முடிக்க முடியாது. 1999-இல் கோஜி வாடாவின் முதல் பாட்டு அது. அமெரிக்க டப்பிங்கில் இதைத் தூக்கிவிட்டு வேறொரு முகப்புப் பாட்டைப் போட்டதால், ஆங்கில வழியாகத் தொடரைப் பார்த்தவர்கள் பலர் இதைப் பிற்பாடு இணையத்தில்தான் கேட்டார்கள். தொடரின் கடைசி அத்தியாயத்தில் குழந்தைகள் தங்கள் தோழ உயிரினங்களான டிஜிமான்களைப் பிரிந்து ரயிலேறும்போது இதே பாட்டு வரும். ஒரு வருடமாகக் கிளம்பு, பற என்று சொல்லிக்கொண்டிருந்த பாட்டு, அந்த இடத்தில் வழியனுப்புவதற்கு வருகிறது. வாடா புற்றுநோயோடு போராடி, பாடுவதை நிறுத்துவதும் திரும்புவதுமாக இருந்தார். 2015-இல் 'டிஜிமான் அட்வென்ச்சர் ட்ரை' வந்தபோது அதைப் புதிதாக மறுபடி பாடினார். 2016 ஏப்ரலில், 42 வயதில், காலமானார். அந்தப் புதிய பதிவைக் கேட்டுவிட்டு உடனே பழையதற்குப் போக என்னால் முடிவதில்லை.

'நருடோ ஷிப்புடென்' தொடரின் 'ப்ளூ பேர்ட்' ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அழகான பாட்டுதான், எனக்கும் மனப்பாடம். ஆனால் அதைக் கழற்றி வேறொரு தொடரில் மாட்டினாலும் பெரிதாக இடிக்காது. 2013-இன் 'அட்டாக் ஆன் டைட்டன்' ஓப்பனிங்கை அப்படி மாட்ட முடியாது. ஜெர்மன் சொற்களோடு, படையணி கிளம்புவதுபோல் லிங்க்ட் ஹொரைசன் குழு முழங்கியது அது. என்ன படத்தை அதன்மேல் ஓட்டினாலும் போர்க்களமாகிவிடும் என்று கண்டுபிடித்த ரசிகர்கள், அந்த வருடம் இணையத்தைக் கேலி வீடியோக்களால் நிரப்பினார்கள்.

இப்போது வரும் பாட்டுகளில் பல, இசை நிறுவனத்தின் புதுப் பாட்டைத் தொடரின் தலையில் கட்டியதுபோல் இருப்பது உண்மை. 2024-இல் 'மேஷில்' தொடரின் 'ப்ளிங்-பாங்-பாங்-பார்ன்' உலகத்தையே ஆட வைத்தது. என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. ஆனால் 'ஓஷி நோ கோ' தொடருக்கு யோவாசோபி செய்த 'ஐடல்' அப்படியில்லை. 2023-இல் வந்த அதற்காக, மூலக்கதை எழுதிய அகா அகசாகாவே ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்த பாட்டு. 'ஐ' என்ற மேடை நட்சத்திரத்தை முதலில் ரசிகர் கூட்டம் பார்க்கிறது, அடுத்துப் பொறாமையோடு சக பாடகிகள் பார்க்கிறார்கள், கடைசியில் அவளே பேசுகிறாள். மெட்டும் ஆளுக்கேற்ப முகம் மாறுகிறது. பில்போர்ட் இதழின், அமெரிக்காவை நீக்கிய உலகப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஜப்பானியப் பாட்டு இதுதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், 1998-இன் 'கௌபாய் பீபாப்' தொடரின் 'டேங்க்!' என்பேன். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் சில வாக்கியங்கள், மற்றதெல்லாம் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பாங்கோவும் முட்டி மோதும் ஜாஸ், ஆக மொழிப் பிரச்சினையே கிடையாது. இசையமைத்த யோகோ கன்னோ, இயக்குநர் ஷினிச்சிரோ வாடனாபே கேட்காத இசையையெல்லாம் போட்டுக் கொடுக்க, அதைக் கேட்டு அவர் புதுக் காட்சிகளை யோசித்தாராம். பாட்டு கதைக்கு வேலை பார்ப்பது போக, கதை பாட்டுக்கு வேலை பார்த்த தொடர் அது. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், முழு வடிவத்தில் சாக்ஸபோன் தனியாக வெறிபிடித்து ஓடும் இடம் டிவி சைஸில் கிடைக்காது.