அடிக்கடி வரும் சின்னச் சின்ன உடல்நலக் கோளாறுகளுக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

தீக்காயம், மூக்கில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சளி மாதிரி அடிக்கடி வருகிறவற்றை வீட்டிலேயே எப்படிச் சமாளிப்பது, எப்போது மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், வீட்டில் என்னென்ன மருந்து இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன், அவ்வளவுதான். ஒருமுறை இரண்டு நாள் முதலுதவி வகுப்புக்குப் போனேன். அங்கே சொன்னதில் பாதி, நான் அதுவரை வீட்டில் செய்துகொண்டிருந்ததற்கு நேர் எதிராக இருந்தது. 'என்ன தடவலாம், என்ன கொடுக்கலாம்' என்றுதான் நாம் தேடுகிறோம். எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு என்று யாரும் கேட்பதில்லை. நான் சொதப்பியதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் தீக்காயம். கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன், ஆவி அடித்து இடது மணிக்கட்டு வெந்துவிட்டது. ஓடிப் போய்க் குழாயில் காட்டினேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் கையை எடுத்துவிட்டேன், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மனைவி பற்பசையைக் கொண்டுவந்தாள், அப்பிக்கொண்டேன். ஜில்லென்று சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பற்பசை காய்ந்து, கொப்புளத்தோடு சேர்ந்து பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடிந்தது. வெந்தபோது வலித்ததைவிட அந்தச் சுரண்டல் அதிகம் வலித்தது.

செய்ய வேண்டியது இதுதான். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் காட்ட வேண்டும். சூட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாலும் சதைக்குள் போன சூடு உடனே போய்விடாது, உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதை இழுத்து வெளியேற்றத்தான் அவ்வளவு நேரம். உடனே முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது, அது ரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தோலை இன்னும் கெடுக்கும். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. குழந்தை என்றால் வெந்த இடத்தை மட்டும் தண்ணீரில் காட்டி, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், நடுங்க விடக் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவுக்கு மேல் இருந்தால், முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தால், மின்சாரமோ ஆசிட்டோ காரணம் என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போதும் தண்ணீரில் காட்டிவிட்டுத்தான்.

அடுத்து மூக்கில் ரத்தம். என் பையனுக்கு ஒன்பது வயதிருக்கும், நடுராத்திரியில் எழுந்து வந்து நின்றான், சட்டையெல்லாம் ரத்தம். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: தலையைப் பின்னால் சாய்த்து, அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். மூக்கிலிருந்து வருவது நின்றது, நிம்மதி. பத்து நிமிடம் கழித்து ரத்தமாக வாந்தி எடுத்தான். எனக்குக் கை கால் ஓடவில்லை. உண்மையில் ரத்தம் நிற்கவே இல்லை, தொண்டை வழியாக வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. வயிறு அதை ஏற்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறது.

முன்பக்கம் லேசாகக் குனிய வேண்டும். எலும்புக்குக் கீழே மூக்கின் மெத்தென்ற பகுதி இருக்கிறதே, அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட வேண்டும். பெரும்பாலும் ரத்தம் கசிவது மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய்களிலிருந்துதான், அதனால் அங்கே அழுத்தினாலே போதும். மேலே எலும்பைப் பிடித்துப் பயனில்லை. 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். 'நின்றுவிட்டதா' என்று நடுவில் விட்டுப் பார்த்தால், உறையத் தொடங்கியது கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பிள்ளையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியும்! இவ்வளவு செய்தும் நிற்காவிட்டால், தலையில் அடிபட்ட பிறகு வந்திருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவமனைதான்.

காய்ச்சலுக்கு வருவோம். 98.6 டிகிரியைத் தாண்டினாலே காய்ச்சல் என்று பதறுபவர்கள் நிறைய. உடல் வெப்பம் நாள் முழுக்க ஏறி இறங்கும், சாயங்காலம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 100.4 டிகிரியிலிருந்துதான் பொதுவாகக் காய்ச்சல் கணக்கு. பாராசிட்டமால் நல்ல மருந்துதான், ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளுக்கு 4 கிராமுக்கு மேல் போகவே கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதிகம் குடிப்பவர்களுக்கும் இதைவிடக் குறைவு, டாக்டரைக் கேட்டுத்தான். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருக்கும். அதையும் போட்டு, காய்ச்சலுக்குத் தனியாகவும் போட்டால் இரட்டிப்பாகிவிடும். அட்டையின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். குழந்தைகளுக்கு வயதை வைத்தல்ல, எடையை வைத்துத்தான் அளவு. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 100.4 வந்தால் மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கிருமியைவிட, தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். அதற்கு ஓ.ஆர்.எஸ்., அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைப் பொடி. அதில் ஏன் சர்க்கரை? குடலில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன, கூடவே தண்ணீரும் போகிறது. வெறும் தண்ணீருக்கு அந்த வேகம் இல்லை. இதையும் நான் தப்பாகச் செய்திருக்கிறேன், பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தேன். அடர்த்தி கூடினால் உபத்திரவம்தான். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட், முழு லிட்டர். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாக்கெட் கிடைக்காத அவசரத்துக்கு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டினால் பேதி அதிகமாகும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஒவ்வொரு ஸ்பூனாக. மலத்தில் ரத்தம், பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்து ஆள் துவண்டு கிடக்கிறார் என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

சளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. சளி பச்சையாக மாறிவிட்டது என்பதற்காகவும் அது தேவையில்லை. ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும், இருமல் மட்டும் மூன்று வாரம்வரை இழுக்கலாம். அதற்கும் மேல் போனால் காட்டுங்கள். மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தில் மட்டும் ஜாக்கிரதை. சில நாளைக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். நான் இரண்டு வாரம் தொடர்ந்து மூக்கில் விட்டு, அது இல்லாமல் மூச்சே விட முடியாது என்ற நிலைக்குப் போனவன்.

இவையெல்லாம் பொறுத்துப் பார்க்கக்கூடியவை. நெஞ்சை இறுக்கும் வலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை திடீரென்று விழுதல், பேச்சு குழறுதல், மூச்சுத் திணறல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல் ஆகியவற்றுக்கு இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்கக்கூட நேரம் கிடையாது.

வீட்டில் என்ன வைத்திருப்பது? எங்கள் டப்பாவில் இருப்பதைச் சொல்கிறேன்: பாராசிட்டமால், நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தெர்மாமீட்டர், காயம் துடைக்கச் சுத்தமான துணி, பிளாஸ்டர். போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக் எதுவும் அதில் கிடையாது. மூடியின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம், பிள்ளைகளின் எடை அதில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தும்போதே காலாவதித் தேதிகளையும் பார்த்துவிடுவோம்.