இறப்புச் சான்றிதழ் முதல் பணிக்கொடை வரை: வாசகர் கேள்விகளுக்குச் சட்ட விளக்கம்

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றி வந்த என் தந்தை, சென்ற மாதம் கோவையில் ஒரு மருத்துவமனையில் காலமானார். இறப்புச் சான்றிதழ் தம்மால் தர இயலாது என்கிறார் எங்கள் கிராம நிர்வாக அலுவலர். ஆதாரில் ஒரு பெயரும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வேறு பெயரும் உள்ளன. தாய், நான், மணமான அக்கா, தந்தையைப் பெற்ற பாட்டி ஆகியோர் இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தங்கள் குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த இரங்கல். கிராம நிர்வாக அலுவலர் கூறுவது சரியே. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன்படி, இறந்தவர் வசித்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த இடத்தில்தான் இறப்பு பதிவாகும். மேல்சிகிச்சைக்கு மலையிலிருந்து கோவைக்கு அனுப்பப்படுவோர் மிகுதி என்பதால், நீலகிரிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்தக் குழப்பம் நேர்கிறது. 21 நாள்களுக்குள் பதிவாளருக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் பொறுப்பு; பதிவாகியிருந்தால், இணையத்திலேயே சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

அதைக் கொண்டு வேறெந்த விண்ணப்பமும் கொடுக்கும் முன், அதிலுள்ள பெயர், முதலெழுத்து, இறந்த நாள் ஆகியவற்றை ஆதாருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இதையே நான் முதன்மையாக வற்புறுத்துவேன். ஏனெனில் இதற்குப் பின் வரும் ஒவ்வோர் ஆவணமும் இந்தச் சான்றிதழைப் பார்த்தே எழுதப்படும். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில், பழைய கடவுச்சீட்டில் ஒரு பெயரும் தோட்டப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருப்பதை இன்றும் காண்கிறோம். சான்றிதழில் பிழை இருந்தால், உரிய ஆவணங்களுடன் அதே பதிவாளரிடம் திருத்தம் கோருங்கள். வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பெயரைத் திருத்த, தோட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து கூட்டு உறுதிமொழிப் படிவம் அளிக்க வேண்டும்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். தந்தை வசித்த வட்டத்தின் வட்டாட்சியரே இதை வழங்குவார் என்பதால், கோத்தகிரியிலேயே இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 உங்களுக்குப் பொருந்துமானால், மனைவி, மகன், மகள் ஆகியோரோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே பாட்டிக்கும், மணமான அக்காவுக்கும் உங்களுக்குள்ள அளவு பங்கு உண்டு. வயதானவர்தானே, புகுந்த வீட்டுக்குப் போனவர்தானே என்று இவர்கள் பெயரை விட்டுவிடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. கிறித்தவக் குடும்பமாயின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மீதி பிள்ளைகளுக்கும் சேரும்.

பணியில் இருக்கும்போதே இறந்ததால், பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெற ஐந்தாண்டுப் பணி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பணியாற்றிய ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் ஊதியம் கணக்கிடப்படும். வைப்பு நிதித் தொகையும், தாய்க்குரிய ஓய்வூதியமும் தவிர, வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டின் கீழ் அதிகபட்சம் ரூ.7 லட்சம் வரை பெற வழியுண்டு. இந்தக் காப்பீடு இருப்பதே தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிவதில்லை என்பது என் கவலை. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, தந்தையின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுக்க வேண்டாம். நியமனதாரர் (நாமினி) இருந்தால் வங்கி அவரிடம் பணத்தை அளிக்கும். ஆயினும் அவர் மற்ற வாரிசுகளின் சார்பில் பெறுபவரே தவிர, அதற்கு முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

கேள்வி: என் மாமியார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டிலேயே இயற்கையாக இறந்தார். அப்போது பதிவு செய்யவில்லை. இனிச் செய்ய முடியுமா?
– வாசகி, கூடலூர்

பதில்: முடியும். ஓராண்டு கடந்துவிட்டதால், கூடலூர் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை தேவைப்படும். இறப்பு பதிவாகவில்லை என்பதற்கான சான்றைப் பதிவாளரிடம் முதலில் பெற்று, அடையாள ஆவணங்களையும் இணைத்துக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு அளியுங்கள். விசாரணை நடக்கும்போது, இறுதிச் சடங்கில் கலந்துகொண்ட அக்கம்பக்கத்தார் இருவர் நேரில் வந்து வாக்குமூலம் தந்தால் பெரிதும் உதவும்.