எலி பிடிக்க எதற்கு மாநாடு?

கேள்வி: நியூசிலாந்தில், தீவுகளில் எலியை ஒழிப்பது பற்றிப் பேசுவதற்கென்றே சில வருடங்களுக்கு ஒருமுறை உலக மாநாடு கூட்டினார்களாமே! கூடிப் பேசிக் கலைந்ததால் ஒரு பறவையாவது பிழைத்ததா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பிழைத்தது. ஆனால் அதைச் சொல்ல மாநாட்டுக்கு முன்னால், 1964க்குப் போக வேண்டும்.

வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே இல்லாமல் இருந்த நாடு நியூசிலாந்து. பறவைகள் பயமில்லாமல் தரையிலும் தாழ்வான பொந்திலும் முட்டையிட்டன. அதன் தெற்குக் கோடியில் பிக் சவுத் கேப் என்றொரு தீவு. கடற்பறவைக் குஞ்சு பிடிக்க வருடாவருடம் அங்கே போகும் மாவோரி என்ற பூர்வகுடி மக்கள், 1964இல் குடிசைகளைத் திறந்தபோது உள்ளே எங்கு பார்த்தாலும் எலி. படகோடு வந்து இறங்கியிருக்க வேண்டும். எலியால் பறவை அழியும் என்பதை அன்று நிபுணர்களிலேயே பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பிரையன் பெல், டான் மெர்ட்டன் போன்ற வனவிலங்குத் துறையினர் விடாமல் போராடித் தீவுக்குப் போனார்கள். டியெக்கே என்ற கறுப்புப் பறவை, முதுகில் சேணம் போட்டதுபோல் செம்பழுப்புப் பட்டை இருக்கும். நியூசிலாந்தின் இரு பெரிய தீவுகளில் ஒன்றான தென்தீவுக்குரிய அதன் இனம் அந்த வட்டாரத்தில்தான் மிஞ்சியிருந்தது. 36 பறவைகளைப் பிடித்து எலியில்லாத தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள், இனம் தப்பியது. அங்கேயே இருந்த ஒரு உள்ளான் வகை, ஒரு ரென் குருவி, ஒரு வௌவால் மூன்றும் உலகத்தை விட்டே போய்விட்டன.

சரி, எலியைத் தீவிலிருந்து முழுசாக ஒழிக்க முடியுமா? இதைப் பேசத்தான் 1976 நவம்பரில் வெலிங்டனில் கூடினார்கள். எண்ணிக்கையைக் குறைக்கலாம், கடைசி எலிவரை ஒழிப்பதென்பது எட்டாத காரியம் என்பதே அங்கே மேலோங்கிய கருத்து. நீங்கள் சொல்வதுபோல் பேசிக் கலைந்த கூட்டம்தான் அது. ஆனால் பேசியதை அப்படியே அச்சில் போட்டார்கள். எது முடியாது, ஏன் முடியாது என்பது எழுத்தில் இருந்ததால், அடுத்து வந்தவர்களுக்கு எதை உடைக்க வேண்டும் என்று தெரிந்தது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

உடைத்தவர்கள் ரௌலி டெய்லர், புரூஸ் தாமஸ் என்ற நியூசிலாந்து ஆய்வாளர்கள் இருவரும். 1988இல் நாட்டின் தென்மேற்கில் உள்ள பிரேக்ஸீ தீவு: 170 ஹெக்டேர், செங்குத்தான காடு. அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பாதை வெட்டி, பிளாஸ்டிக் வடிகால் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் விஷக்கட்டி வைத்து, தினமும் நடந்துபோய்த் தின்ற கட்டிக்குப் பதில் புதுக்கட்டி வைத்தார்கள். அந்த விஷம் உடனே கொல்லாது, சில நாள் ஆகும். அதனால் செத்த எலியைப் பார்த்து மற்ற எலி உஷாராவதில்லை. சில வாரங்களில் வேலை முடிந்தது. அடுத்த வருடமே, 1989இல், ஆக்லாந்தில் கூடியபோது பேச்சே மாறிவிட்டது. எலி போன தீவில் எந்த உயிரை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று பேசினார்கள்.

அப்புறம் ஹெலிகாப்டர் காலம். அடியில் வாளியைத் தொங்கவிட்டு, செயற்கைக்கோள் வழிகாட்ட, ஒரு பட்டை நிலம்கூட விடுபடாமல் விஷ இரையைத் தூவும் முறை. குளிர்காலத்தில் செய்வார்கள், எலிக்கு இரை குறைவு, இனப்பெருக்கமும் இருக்காது. 2001 பிப்ரவரியில் ஆக்லாந்தில் உலக அளவில் கூடினார்கள். அதே ஆண்டு, நாட்டுக்குத் தெற்கே சுமார் 700 கிலோமீட்டரில் இருக்கும் கேம்ப்பெல் தீவில், 11,300 ஹெக்டேரில் 120 டன் விஷ இரையைத் தூவினார்கள். 2003இல் எலி இல்லை என்று உறுதியானது. பிரேக்ஸீயைப் போல 60 மடங்குக்கு மேல் பெரிய தீவு, நடுவில் 13 வருடம்தான்.

2010இல் மறுபடி ஆக்லாந்து. 2017இல் மாநாடு முதல்முறையாக ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குப் போனது. இதற்குள் தோல்விகளும் சேர்ந்திருந்தன. பசிபிக்கில் உள்ள ஹெண்டர்சன் தீவில் 2011இல் விஷ இரை தூவியும், சில டஜன் எலிகள் தப்பி மறுபடி தீவை நிறைத்தன. வெப்பமண்டலத் தீவுகளில் எலிக்கு வருடம் முழுக்க இரை கிடைக்கும், குட்டியும் போடும். அங்கே குளிர்நாட்டுக் கணக்கு அப்படியே செல்லாது. இதையும் மறைக்காமல் எழுதினார்கள். விஷத்தில் வேறு பறவைகளும் சாகின்றன என்பதையும்தான். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு தடவை சாகும் சிலவற்றுக்கும், எலி இருக்கும்வரை வருடாவருடம் அழியும் முட்டைகளுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால், அவர்கள் எடுத்த முடிவைத்தான் நானும் எடுப்பேன்.

ஒரு பறவையாவது என்று கேட்டீர்களே. கேம்ப்பெல் தீவுக்கே உரிய உள்ளான் ஒன்று உண்டு. தீவில் சுமார் 200 வருடம் எலி. அப்படி ஒரு பறவை இருப்பதே 1997இல்தான் தெரிந்தது, அதுவும் கரைக்கு அப்பால் 19 ஹெக்டேர் பாறைத்தீவு ஒன்றில். எலி ஒழிந்த சில வருடங்களில் அது யாரும் கொண்டுபோய் விடாமல் தானாகவே கடலைத் தாண்டிப் பெரிய தீவுக்கு வந்தது. 2006இல் அங்கே அதன் குஞ்சையும் பார்த்தார்கள்.